பாறைக்குள் பள்ளி, கலயத்தில் சுண்ணாம்பு

புதுக்கோட்டைப் பக்கத்து அரிமளத்திலிருந்து, சமணத் துறவியர் வாழ்ந்த குன்றான சித்தன்னவாசலுக்கு ஒரு நாள் போய்வருவதென்றால் பதநீர்க் காலத்தில், விடியற்காலையில் கிளம்ப வேண்டும். வெயில் ஏறிவிட்டால் குன்றின் பாறை கால் வைக்க விடாது என்பது ஒரு காரணம். பனையிலிருந்து இறக்கிய பதநீர் காலையில்தான் கிடைக்கும் என்பது இன்னொன்று. ஓலைப்பட்டையில் வாங்கிக் குடித்துவிட்டு, ஊற்றிக் கொடுத்தவரின் கலயத்துக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். உள்பக்கம் வெள்ளையாகச் சுண்ணாம்பு இழுகியிருக்கும். அன்று முழுக்க நாம் பார்க்கப்போவது இந்தச் சுண்ணாம்பின் வேலையைத்தான்.

பாளையைச் சீவியதும் சொட்டும் நீரில் சர்க்கரை நிறைய இருக்கிறது. காற்றிலும் பாளையிலும் கலயத்திலும் இருக்கும் நுண்ணிய ஈஸ்டுகளுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. விழுந்த சில மணி நேரத்துக்குள் அவை சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாகவும் கரியமில வாயுவாகவும் பிரித்துவிடும். கலயத்தில் நுரை கட்டும். அதுதான் கள். பனையேறி உள்ளே சுண்ணாம்பைத் தடவிவிட்டால் சாறு காரத்தன்மை அடைகிறது. அந்தக் காரத்தில் ஈஸ்டும் பாக்டீரியாவும் பெருக முடியாது. சர்க்கரை அப்படியே நிற்கிறது, காய்ச்சினால் கருப்பட்டி ஆகிறது. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. விரலால் இழுத்த ஒரு பூச்சுதான் பதநீரையும் கள்ளையும் பிரிக்கிறது.

உலகில் வேறோர் இடத்திலும் இப்படியொரு ஒருநாள் பயணம் பேர்பெற்றது. ஆர்மீனிய நாட்டின் தலைநகர் எரெவானிலிருந்து காலையில் கிளம்பினால், அராரத் மலையைப் பார்த்தபடி நிற்கும் கோர் விராப் மடாலயம், திராட்சைத் தோட்டங்களும் ஒயினும் நிறைந்த அரேனி ஊர், செம்பாறைப் பள்ளத்தாக்குக்குள் இருக்கும் நோராவாங்க் மடாலயம் ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு இரவுக்குள் திரும்பலாம். துறவியர் வாழ்ந்த பாறைகளும் நொதித்த பானமும் ஒரே நாளில். ஆர்மீனியர்கள் நமக்கு அந்நியரும் இல்லை. சென்னை அரண்மனைக்காரத் தெரு என்ற பெயர் எந்த அரண்மனையாலும் வந்ததன்று, ஆர்மீனியர் தெரு என்பதுதான் நம் வாயில் அப்படி மாறியது. அங்கே அவர்களுடைய 1772ஆம் ஆண்டுத் தேவாலயம் இன்றும் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' வெளியானதும் ஆர்மீனியாவில் இல்லை, 1794இல் சென்னையில்தான்.

அரேனி ஊரை ஒட்டிய குகை ஒன்றில் தொல்லியலாளர்கள் தோண்டியபோது, களிமண் பூசிய ஆழமற்ற தொட்டி ஒன்றும், அதிலிருந்து சாறு வழிந்து சேர்வதற்காகத் தரையில் புதைத்த சாடியும் கிடைத்தன. திராட்சைக் கொட்டைகளும் நசுங்கிய தோல்களும் சுற்றிலும் கிடந்தன. வயது ஏறத்தாழ 6,100 ஆண்டுகள். 2011இல் செய்தி வெளியானபோது, அறியப்பட்டவற்றுள் உலகின் மிகப் பழைய ஒயின் ஆலை என்று அதைக் கொண்டாடினார்கள். ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் காய்ந்துபோன கறையை ஒயின் என்று எப்படிச் சொல்ல முடிந்தது? சாராயச் சத்து ஆவியாகிவிடும், சர்க்கரையும் எஞ்சாது. கறுத்த திராட்சைக்கு நிறம் தரும் மால்விடின் என்ற நிறமி மட்டும் ஓட்டுச் சில்லுகளில் ஒட்டிக்கொண்டிருந்தது. குகையின் வறண்ட, குளிர்ந்த காற்று அதைக் காத்தது. அதே குகையில் 2008இல் கிடைத்த ஒரு தோல் செருப்பு சுமார் 5,500 ஆண்டுகள் பழையது. ஆட்டுப் புழுக்கை படிந்து மூடியதால் அது மட்காமல் கிடந்தது.

ஆர்மீனிய மடாலயத்தில் ஒயின் வழிபாட்டுப் பொருள். நம் பக்கத்துப் பாறைகளில் வாழ்ந்த சமணத் துறவியரோ கள்ளைத் தீண்டாதவர்கள், தேனைக்கூட விலக்கியவர்கள். அங்கே நொதித்தல் ஒரு புனிதம், இங்கே தவிர்க்க வேண்டிய ஒன்று. ஆனால் தவம் செய்ய இரு சாராருமே பாறையைத்தான் தேடினார்கள்.

சித்தன்னவாசல் குன்றின் உச்சிக்கு அருகே இருக்கிறது ஏழடிப்பட்டம். பாறையில் வெட்டிய படிக்குழிகளில் கால் வைத்து, சரிவின் ஓரமாகவே போக வேண்டும். கம்பி வேலி இருந்தும் வயிறு கலங்கும் இடம் அது. போய்ச் சேர்ந்தால் தாழ்வான கூரையுள்ள ஒரு குகைத்தளம். இது மனிதன் குடைந்ததில்லை. நம் பகுதிக் கருங்கல் பூமிக்குள் வெகு ஆழத்தில், பெரும் அழுத்தத்தில் இறுகியது. மேலிருந்த சுமையெல்லாம் பல கோடி ஆண்டுகளில் அரித்துப் போகப் போக, அமுங்கிக் கிடந்த பாறை விரிகிறது. விரியும்போது வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காகப் பிளக்கிறது. ஓர் அடுக்கு உடைந்து சரிந்தால் அதன் கீழே நிழல் பிறக்கிறது. புதுக்கோட்டைப் பக்கத்துக் குன்றுகள் யானை முதுகுபோல வழுவழுப்பாக உருண்டிருப்பதும், அவற்றில் குகைத்தளங்கள் இருப்பதும் இதே உரிதலின் விளைவுகள்.

அந்த நிழலில் 17 கற்படுக்கைகள். தரைப்பாறையையே இழைத்து, தலைமாட்டில் தலையணை போல ஒரு மேடு விட்டிருக்கிறார்கள். வெயில் காலத்திலும் கல் குளிர்ந்திருக்கும். படுக்கைகளில் பெரியதன் ஓரத்தில் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று உண்டு, ஏறத்தாழ கி.மு. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒரு துறவிக்கு வேறோர் ஊரைச் சேர்ந்த இளையர் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார் என்பது அதன் செய்தி. எருமிநாடு என்பது இன்றைய மைசூர்ப் பக்கம். எங்கிருந்தோ நடந்து வந்த ஒருவருக்கு, இங்கே இருந்த ஒருவர் படுக்கக் கல்லைச் செதுக்கித் தந்திருக்கிறார். தமிழில் எழுதி வைத்த விருந்தோம்பல்களில் இது மிகப் பழையவற்றுள் ஒன்று என்று எனக்குத் தோன்றும். படுக்குமிடம், துறவியர் உறைவிடம், பாடம் சொல்லும் இடம் மூன்றுக்கும் தமிழில் 'பள்ளி' என்ற ஒரே சொல் இருப்பது ஏன் என்று இங்கே உட்கார்ந்தால் யாரும் விளக்க வேண்டியதில்லை.

இறங்கி வந்தால் அறிவர் கோயில். இது மனிதன் குடைந்த குடைவரை. கருங்கல்லில் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் சாதாரண இரும்பைவிடக் கடினமானது. அப்படிப்பட்ட பாறைக்குள் உளியால் எப்படி அறை எடுத்தார்கள் என்பதற்கான விடை, மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன குடைவரைகளில் இருக்கிறது. பாறை முகப்பில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கோடுகளை ஆழமான பள்ளங்களாக வெட்டியிருக்கிறார்கள். நடுவில் துருத்தி நிற்கும் சதுரக் கட்டிகளை அடித்து உடைத்துவிட்டு, மறுபடி கட்டம் போட்டு உள்ளே போயிருக்கிறார்கள். முழுப் பாறையையும் கொத்தத் தேவையில்லை, பெரும்பகுதி உடைந்தே வந்துவிடும். ஆர்மீனியாவில் 13ஆம் நூற்றாண்டில் குடைந்த கெகார்த் மடாலயத்து அறைகளை எரிமலைப் பாறையின் மேலிருந்து, ஒளித்துளையில் தொடங்கிக் கீழ்நோக்கிக் குடைந்ததாகச் சொல்வார்கள். இங்கே முகப்பிலிருந்து உள்நோக்கி. வழி எதுவானாலும் வேலையின் இயல்பு ஒன்றுதான். கட்டடத்தில் தப்பு நேர்ந்தால் ஒரு கல்லை மாற்றலாம். குடைவரையில் ஒருமுறை வெட்டிய கல்லைத் திரும்ப ஒட்ட முடியாது.

அறிவர் கோயில் கருவறைக்குள் நுழைந்து, வாயை மூடிக்கொண்டு தாழ்ந்த குரலில் முனகுங்கள். ஒரு குறிப்பிட்ட சுருதியில் அறை திடீரென்று உங்களோடு சேர்ந்து ஒலிக்கத் தொடங்கும். நெஞ்செலும்பு அதிரும். உடன் வந்தவர்கள் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்ப்பார்கள். மந்திரம் என்று நினைக்க வேண்டாம், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அறையின் பக்கம் ஏறத்தாழ ஒன்பதரை அடி, அதாவது 2.9 மீட்டர். நம் ஊர் வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 350 மீட்டர் போகிறது. இந்த அகலத்துக்குள் ஓர் அலையின் பாதி கச்சிதமாக அடங்க வேண்டுமென்றால் நொடிக்கு 60 அதிர்வுகள் வேண்டும். முழு அலை அடங்க 120. ஆண்களின் பேச்சுக்குரல் பெரும்பாலும் இந்த 120ஐ ஒட்டித்தான் இருக்கிறது. பெண்குரலுக்கு அடுத்த மடங்குகளான 180, 240 இருக்கின்றன. நம் வீட்டு அறையிலும் இந்தக் கணக்கு பொருந்தும், ஆனால் துணியும் மரமும் திறந்த சன்னலும் ஒலியை விழுங்கிவிடும். கருங்கல் விழுங்காது, ஏறக்குறைய முழுவதையும் திருப்பி அனுப்பும். போன அலையும் வந்த அலையும் சேர்ந்து தடிக்கின்றன. கெகார்த்திலும் இதே காரணத்துக்காகப் பாடகர்கள் வந்து பாடுகிறார்கள்.

ஒலிக்காகவே அளவெடுத்துக் குடைந்தார்கள் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இங்கே ஓதிய துறவி இதைக் கேட்காமல் இருந்திருக்க வழியில்லை. சிறிது தொலைவில் இருக்கும் குடுமியான்மலையில் இசை இலக்கணத்தையே பாறையில் பொறித்து வைத்திருப்பதையும் நேரம் இருந்தால் பார்த்துவிடுங்கள். இந்த வட்டாரத்துப் பாறைக்கும் இசைக்கும் உறவு பழையது.

இனி அறிவர் கோயில் ஓவியம். அண்ணாந்து பார்த்தால் தாமரைக் குளம். இலைகளுக்கிடையே மீன்களும் அன்னங்களும் எருமைகளும் யானைகளும். மலர் பறிக்கும் மூன்று ஆண்கள். தூண்களின் மேற்பகுதியில் ஆடும் பெண்கள். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் கோயிலைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு இருக்கிறது. 1930களில் சென்னை அருங்காட்சியக வேதியியலாளர் எஸ். பரமசிவன் இந்தப் பூச்சை ஆராய்ந்தார். பாறைமேல் சுண்ணாம்பும் மணலும் கலந்த பூச்சு, அதற்குமேல் மெல்லிய வெறும் சுண்ணாம்பு. மொத்தமே சில மில்லிமீட்டர். வண்ணங்கள் காவிக்கல், மஞ்சள் காவி, பச்சை மண், அடுப்புக்கரி, சுண்ணாம்பு வெள்ளை எனப் பெரும்பாலும் மண்ணும் கரியும்தான். சுண்ணாம்பின் காரம் இவற்றை வெளுக்கச் செய்யாது.

காலையில் பனையடியில் பார்த்த அதே சுண்ணாம்பு இங்கே வேறொரு வேலை செய்திருக்கிறது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுடும்போது அதிலிருக்கும் கரியமில வாயு வெளியேறுகிறது. தண்ணீர் ஊற்றி நீற்றினால் குழைவான சுண்ணாம்பு கிடைக்கிறது. சுவரில் பூசியதும் அது காற்றிலிருந்து, இழந்த வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. அதாவது ஓவியன் தீட்டியது ஒரு புதிய கல்லின்மேல். பாறைமேல் வளர்த்த இன்னொரு பாறை என்றும் சொல்லலாம்.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் செய்த சோதனை ஒன்று உண்டு. சுண்ணாம்புத் தெளிநீரில் குழல் வைத்து ஊதினால் அது பால்போல் வெளுக்கும். நம் மூச்சிலிருக்கும் கரியமில வாயு சுண்ணாம்பைக் கல்துகள்களாக மாற்றுவதால் வந்த வெண்மை அது. நிறுத்தாமல் இன்னும் ஊதிக்கொண்டே இருந்தால் வெண்மை மறைந்து நீர் மறுபடி தெளிந்துவிடும். அளவுக்கு மீறிய வாயு, உருவான கல்லையே கரைத்துவிடுகிறது. சித்தன்னவாசல் ஓவியத்தின் பிறப்பும் அழிவும் அந்தச் சோதனைக்குழாய்க்குள்ளேயே இருக்கின்றன. காற்றிலிருந்த வாயு இந்தப் பூச்சை இறுக்கியது. தாழ்ந்த கூரைக்கடியில் கூட்டமாக நின்று நாம் விடும் மூச்சில் அதே வாயுவும் ஈரமும் சேர்ந்து வருகின்றன, ஈரமும் வாயுவும் சேர்ந்தால் சுண்ணாம்பு கரையும். பிரான்சு நாட்டு லாஸ்கோ குகை ஓவியங்கள் பார்வையாளர்களின் மூச்சாலும் ஈரத்தாலும் கெடத் தொடங்கியதால் 1963இல் அந்தக் குகையைப் பொதுமக்களுக்கு மூடிவிட்டார்கள்.

இங்கே மூச்சைவிடப் பெரிய சேதத்தைக் கைகள் செய்துவிட்டன. ஓவியம் எஞ்சியிருப்பது கூரையிலும் தூண்களின் உச்சியிலும்தான். கைக்கு எட்டிய இடங்களில் இருந்தவை ஏறக்குறைய முழுதும் போய்விட்டன. ஆயிரத்து நூறு ஆண்டுகளாக மழையும் வெயிலும் வௌவாலும் செய்யாததை, பெயர் கீறும் ஆணியும் எண்ணெய் படிந்த விரலும் செய்திருக்கின்றன. இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

ஆகவே போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போங்கள். சிறு குழுவாக உள்ளே போங்கள். முனகிப் பார்த்து, அண்ணாந்து பார்த்து, கொஞ்ச நேரத்தில் வெளியே வந்து அடுத்தவருக்கு இடம் விடுங்கள். சுவரைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டும் என்று கை பரபரத்தால், மாலையில் அரிமளம் திரும்பி, பழைய செட்டியார் வீடு ஒன்றின் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கொத்தனார் மெருகேற்றிய அந்தக் குளிர்ந்த பளபளப்பும் அதே சுண்ணாம்புதான்.