உப்புக்காற்றும் அலுமினியப் புரிகளும்

எஞ்சினின் பாகங்களைப் பிணைத்து வைத்திருப்பவை போல்ட்கள் என்று பொதுவாகச் சொல்லப்பட்டாலும், அந்தப் பிணைப்பின் சுமையைத் தாங்குபவை போல்ட்டின் மேலும் அது இறங்கும் துளையின் உட்சுவரிலும் சுருளாக வெட்டப்பட்டிருக்கும் புரிகள், அதாவது மரைகள்தான். முறுக்கப்படும் போல்ட் கண்ணுக்குத் தெரியாத அளவில் நீண்டு, மீண்டும் சுருங்க முயலும் அந்த இழுவிசையாலேயே இரு பாகங்களையும் நெருக்கிப் பிடிக்கிறது. அந்த இழுவிசை துளையின் புரிகள் மீது சமமாகப் பரவுவதில்லை, வாய்ப்புறத்து முதற் சுற்று மட்டுமே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் சுமக்கிறது. போல்ட் உருக்கினால் ஆனது. துளையோ இன்றைய சிறு எஞ்சின்களில் பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோக வார்ப்பில் வெட்டப்பட்டது. ஆகையால் அளவு மீறிய விசை வரும்போது போல்ட்டுக்கு ஒன்றும் ஆகாமல், துளையின் புரிகள் அடியோடு சிராய்ந்து போல்ட்டின் பள்ளங்களில் சிக்கிய சீவல்களாக வெளியே வந்துவிடுகின்றன. இவ்வாறு புரி போன ஒரு துளைக்காக முழு சிலிண்டர் ஹெட்டையே மாற்ற வேண்டும் என்ற எண்ணமும், திருத்தப்பட்ட துளை எப்போதும் பலம் குறைந்ததாகவே இருக்கும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளன. இரண்டுமே பெரும்பாலும் தவறானவை.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நீளும் அம்பாறைக் கரையோரத்தில் இந்தச் சிக்கலுக்குத் தனித்த ஒரு முக்கியத்துவம் உண்டு. ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வயலுமாக அமைந்த இந்நிலத்தில், பைபர் படகின் பின்புறம் மாட்டப்படும் வெளியிணைப்பு எஞ்சினும், இரு சக்கர உழவு இயந்திரமான லேண்ட்மாஸ்டரும், மோட்டார் சைக்கிளும், முச்சக்கர வண்டியும் திருத்தத்துக்காக ஒரே ஊரின் கராஜ்களையும் லேத் பட்டறைகளையும் நாடி வருகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில் நீக்கப்படும் வரையிலான ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளில், வேறு நாடாக இருந்தால் பழைய இரும்பாகப் போயிருக்கக்கூடிய எஞ்சின்களும் இலங்கையில் மீண்டும் மீண்டும் திறந்து மூடப்பட்டன. ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அலுமினியப் புரி சிறிது தேய்கிறது.

தேய்மானத்தை விடக் கொடியது உப்பு. இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால் அங்கே ஒரு சிறு மின்கலமே உருவாகிறது. அதில் கரைந்து அழிவது உருக்கு அல்ல, அலுமினியம். அரிப்பினால் உண்டாகும் வெண்பொடி, அழிந்த உலோகத்தை விட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், அது போல்ட்டுக்கும் துளைக்கும் இடையே ஆப்பு வைத்தது போல இறுகி, போல்ட்டை அசையவிடாமல் பிடித்துவிடுகிறது. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளித்து, படகுகள் வாரக்கணக்கில் கரையில் கிடக்கும்போது இந்த வேலை ஓசையின்றி நடக்கிறது. பருவம் தணிந்து எஞ்சினைக் கழற்ற முற்படுகையில் ஒன்று போல்ட்டின் தலை முறிகிறது, அல்லது போல்ட் தன்னோடு புரிகளையும் உரித்துக்கொண்டு வருகிறது. துருப்பிடித்த போல்ட்டுக்குப் பதிலாகத் துருப்பிடிக்காத உருக்கு போல்ட்டைப் போட்டால் தொல்லை தீரும் என்று நம்புவோர் பலர். அந்த போல்ட் துருப்பிடிக்காது என்பது உண்மையே, ஆனால் அதைச் சூழ்ந்துள்ள அலுமினியம் அதன் காரணமாக இன்னும் வேகமாக அரிக்கப்படலாம். எஞ்சினைக் காப்பதற்காகத் தானே கரைந்துபோகும்படி கீழ்ப்பகுதியில் பொருத்தப்படும் துத்தநாகத் துண்டின் மீது அழகுக்காகப் பெயின்ட் அடித்துவிடுவதும், அதன் வேலையைச் செய்யவிடாமல் தடுப்பதே ஆகும்.

உப்பைத் தவிர, இரண்டு அளவு முறைகள் ஒரே பட்டறையில் கலந்து கிடப்பதும் துளைகளைக் கெடுக்கிறது. வயல்களில் நெடுங்காலம் உழைத்த மெசி பெர்குசன் போன்ற பிரித்தானிய உழவு இயந்திரங்களில், 1948இல் பிரித்தானியாவும் அமெரிக்காவும் கனடாவும் ஒப்புக்கொண்ட அங்குலப் புரிகள் உள்ளன. ஜப்பானிய எஞ்சின்களில் உள்ளவை மில்லிமீற்றர்ப் புரிகள். அங்குலத்தில் பதினாறில் ஐந்து பங்கான போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீற்றர் என்பதால், அது 8 மில்லிமீற்றர் போல்ட்டிலிருந்து கண்ணுக்கு வேறுபட்டுத் தெரியாது. ஆனால் அதன் பரும்புரி வகையில் ஒரு புரிக்கும் அடுத்ததற்கும் இடையிலான தூரம் 1.41 மில்லிமீற்றர், 8 மில்லிமீற்றர் போல்ட்டின் வழக்கமான புரியிலோ அது 1.25 மில்லிமீற்றர். இரண்டு மூன்று சுற்றுகள் இலகுவாக இறங்கிய பின் இறுக்கம் தெரிந்தால், நீண்ட கைச்சாவியைப் போட்டு அழுத்துவதற்குப் பதிலாகப் போல்ட்டை வெளியே எடுத்துப் புரியளவுத் தகட்டால் சரிபார்ப்பதே முறை.

மூன்றாவது காரணம் கையின் பலம். முறுக்கும்போது செலவிடப்படும் உழைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே பாகங்களை நெருக்கும் விசையாக மாறுகிறது. எஞ்சியது போல்ட் தலையின் அடியிலும் புரிகளிலும் உராய்வாகவே போய்விடுகிறது. எனவே அதே முறுக்கில், எண்ணெய் பட்ட போல்ட் உலர்ந்த போல்ட்டை விட மிக அதிகமாக இழுக்கும். இது கைக்குத் தெரியாது. ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினின் அதிர்வால் போல்ட்கள் தளர்வதைக் கண்டவர்கள் ஒவ்வொரு முறையும் சற்றுக் கூடுதலாக முறுக்கத் தொடங்க, அலுமினியம் ஒரு நாள் விட்டுக்கொடுத்துவிடுகிறது.

இதற்கு வழக்கிலுள்ள தீர்வுகளுள் எளியது துளையைப் பெருப்பித்து அடுத்த அளவு போல்ட்டைப் போடுவது. மூடிபோன்ற சிறு பாகங்களுக்கு இது போதுமானது, ஆனால் மேலே வரும் பாகத்தின் துளைகளையும் பெருப்பிக்க வேண்டியிருப்பதோடு, ஒரே வரிசையில் இரு வகை போல்ட்களும் இரு வகை இறுக்கங்களும் வந்து சேர்கின்றன. போல்ட்டின் மேல் மெல்லிய தகட்டைச் சுற்றி இறுக்குவதும், துளையின் விளிம்பைக் குத்தூசியால் தட்டிச் சுருக்குவதும் அடுத்த முறை திறக்கப்போகிறவருக்குத் தொல்லையை ஒப்படைப்பதன்றி வேறல்ல. இரும்புப் பசை எனப்படும் இரு கலவைப் பசைகள் அழுத்தமும் வெப்பமும் குறைந்த இடங்களுக்குச் சரி; சிலிண்டர் ஹெட் போல்ட்டுக்கு அவற்றை நம்பக் கூடாது. இவற்றுக்கெல்லாம் மேலானது லேத் பட்டறையின் பழைய வழியான புஷ் வைத்தல்: துளையை அகலமாக்கிப் புரி வெட்டி, உள்ளும் புறமும் புரி கொண்ட ஒரு குழாய்த் துண்டைக் கடைந்து அதற்குள் இறுக்குவது. அளவு பிழைக்காத கையில் இது இன்றைக்கும் குறை சொல்ல முடியாத வேலை.

அந்தப் புஷ்ஷின் வேலையை மிகக் குறைந்த இடத்தில் முடிப்பதுதான் 1930களில் அமெரிக்காவில் உருவாகி, விமான எஞ்சின்களின் வழியாகப் பரவிய ஹெலிகொயில் என்னும் கம்பிச் சுருள். துருப்பிடிக்காத உருக்குக் கம்பியை வைரக்கல் வடிவக் குறுக்குவெட்டில் இழுத்துச் சுருட்டியிருப்பதால், அதன் வெளிமுனை துளையின் புரியிலும் உள்முனை போல்ட்டின் புரியிலும் பொருந்துகின்றன. 8 மில்லிமீற்றர் போல்ட்டுக்கான துளையை முதலில் பெரும்பாலும் 8.3 மில்லிமீற்றர் ட்ரில்லால் துளைத்து, பின்னர் அச்சுருளுக்கென்றே செய்யப்பட்ட டெப் என்னும் புரிவெட்டியால் புரி வெட்ட வேண்டும். சாதாரண 9 அல்லது 10 மில்லிமீற்றர் டெப் இதற்குப் பயன்படாது. ஒவ்வொரு சுற்றுக்கும் அரைச் சுற்றுப் பின்னோக்கித் திருப்பிச் சீவலை முறித்துக்கொண்டே போவதும், அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விட்டு வெட்டுவதும் பழைய பட்டறைப் பழக்கங்கள். கடற்றொழிலாளரின் எஞ்சின்களில் எரிபொருளாகும் அதே எண்ணெய் இங்கே புரி வெட்டவும் உதவுகிறது. சுருளின் இயல்பான விட்டம் துளையை விடச் சற்றுப் பெரிது. அதைச் செருகும் கோல் அடிமுனையிலுள்ள குறுக்கு நாக்கைப் பிடித்துத் திருகும்போது சுருள் சிறுத்து உள்ளே போய், விட்டவுடன் விரிந்து சுவரைக் கவ்விக்கொள்கிறது. மேற்பரப்புக்குக் கால் முதல் அரைச் சுற்று வரை கீழே அது நிற்க வேண்டும். பிறகு நாக்கை முறித்து எடுத்துவிடலாம்.

திருத்தப்பட்ட துளை பலம் குறைந்தது என்ற எண்ணம் பிழைக்கும் இடம் இதுதான். பழைய துளையில் அலுமினியம் 8 மில்லிமீற்றர் விட்டத்தில் போல்ட்டைப் பிடித்திருந்தது. இப்போது அது ஏறத்தாழ 9.6 மில்லிமீற்றர் விட்டத்தில் சுருளைப் பிடிக்கிறது, அதாவது அதே ஆழத்தில் அறுபட வேண்டிய உலோகம் ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கிறது. வளைந்துகொடுக்கும் சுருள், முதற் சுற்றின் மேல் குவியும் சுமையை மற்றச் சுற்றுகளுக்கும் பகிர்கிறது. அடிக்கடி கழற்றி மாட்டுவதால் வரும் தேய்மானம் இனி உருக்கின் மேல் உருக்காகவே நிகழ்கிறது. விமான எஞ்சின்களின் மென்வார்ப்புகளில் இத்தகைய சுருள்கள் புதிதாகச் செய்யும்போதே வைக்கப்படுவதற்குக் காரணம் இதுவே.

தீப்பொறி பிளக் துளை மட்டும் வேறு வகை. அங்கே புரி பிடித்தால் போதாது, எரிவாயுவும் கசியக் கூடாது, பிளக்கின் வெப்பமும் ஹெட்டுக்குக் கடத்தப்பட வேண்டும். மேலும் பிளக்கைக் கழற்றும்போது கம்பிச் சுருளும் சில சமயம் கூடவே வந்துவிடும். ஆகவே, மேல்விளிம்பு கொண்ட முழுக் குழாய் வடிவ உறைகள், குறிப்பாகக் கடைசிச் சுற்றுகளைக் கருவியால் விரித்து நிரந்தரமாகப் பூட்டும் டைம்சேர்ட் வகை, இங்கே பொருத்தமானவை. 1990களின் பிற்பகுதியில் வந்த போர்ட் நிறுவனத்தின் சில வி8 எஞ்சின்களில், பிளக்கைப் பிடிக்கும் புரிகள் ஏறத்தாழ நான்கே இருந்ததால் பிளக்குகள் அழுத்தம் தாங்காமல் வெளியே பறந்தன. அதற்கும் உறை வைத்துத் திருத்துவதே ஏற்கப்பட்ட வழியாயிற்று. ஹெட்டைக் கழற்றாமல் இவ்வேலையைச் செய்வோர் டெப்பின் பள்ளங்களில் கிரீஸ் நிரப்பிச் சீவலைப் பிடிக்கிறார்கள் என்றாலும், ஒரு துணுக்கு தப்பினால் சிலிண்டரின் சுவர் கீறப்படும் என்பதால், கழற்றிச் செய்வதே அறிவுடைமை.

எந்த வகையானாலும் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது ட்ரில்லின் செங்குத்துதான். கையில் பிடித்த ட்ரில், தேய்ந்த துளையைப் பின்பற்றிச் சாய்ந்தே போகும். சாய்ந்த துளையில் எவ்வளவு நல்ல சுருளை வைத்தாலும் போல்ட்டின் தலை ஒரு பக்கம் மட்டுமே அமரும். தூண் ட்ரில்லிலோ, நேர்த்துளை கொண்ட வழிகாட்டிக் கட்டையை மேலே இறுக்கியோ துளைக்க வேண்டும்.

வேலை முடிந்த பின் காப்பது கடினமன்று. எஞ்சின் ஆறிய பிறகே பிளக்கைத் தொட வேண்டும். அலுமினியம் உருக்கை விட ஏறத்தாழ இரு மடங்கு விரிவது என்பதால், சூட்டில் நடக்கும் ஒவ்வொரு கழற்றலும் புரியைச் சோதிக்கிறது. அலுமினிய ஹெட்டில் 14 மில்லிமீற்றர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீற்றரும், 10 மில்லிமீற்றர் பிளக்குக்கு 10 முதல் 12 நியூட்டன் மீற்றரும் போதும், அதைக் காட்டும் டோர்க் ரென்ச் இல்லாவிட்டால் புதிய வளையம் கொண்ட பிளக்கைக் கையால் இறுகும் வரை திருகிய பின் அரைச் சுற்றுச் சாவியால் திருப்பினால் போதுமானது. கடல் எஞ்சினின் போல்ட்களுக்குக் கடற்பயன்பாட்டுக் கிரீஸ் பூசுவது உப்புநீரைப் புரிக்குள் விடாது.

எல்லாத் துளையையும் இவ்வாறு மீட்க முடியாது. துளைக்கும் குளிர்நீர் ஓடும் அறைக்கும் இடையிலான சுவர் மெலிந்திருந்தாலோ, துளையின் அடியிலிருந்து விரிசல் ஓடியிருந்தாலோ, பெருப்பிப்பது நிலைமையை மோசமாக்கும். அப்போது ஆர்கன் வெல்டிங்கால் துளையை நிரப்பி, மேற்பரப்பை மீண்டும் தட்டையாக்கிப் புதிதாகத் துளைக்க வேண்டியிருக்கும். வெல்டிங்கின் சூடு சுற்றியுள்ள அலுமினியத்தை முன்னை விட மென்மையாக்கிவிடுவதால், அப்புதிய துளையிலும் வெறும் புரியை வெட்டி விட்டுவிடாமல் ஓர் உருக்குச் சுருளையே வைக்க வேண்டும்.