தலைப்பு என்னும் தூண்டில்



நூலொன்றின் பெயரைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. ஆசிரியர் வைத்தார், அச்சகத்தார் அட்டையில் பொறித்தார், நாம் கேட்டு வாங்கினோம், அவ்வளவுதான். ஆயின் அதே நூலுக்கு வேறொருவர் விளையாட்டாக வேறொரு பெயர் சூட்டும்போது, பழைய பெயர் எதைச் சொன்னது, எதை மறைத்தது என்பது பளிச்சென்று தெரியவருகிறது. இன்று நான் எடுத்துக்கொள்ளும் பொருள் அத்தகைய ஒரு வேடிக்கை. 1980களில் இங்கிலாந்துச் சிறுவர்களைக் கட்டிப்போட்ட மாயாஜால விளையாட்டுக் கதைநூல்களுக்கு, இக்கால இணையச் செய்தித் தலைப்புகளின் பாணியில் பெயர் மாற்றிப் பார்ப்பதே அது. இரசிகர்கள் சிரிப்பதற்காகச் செய்யும் காரியந்தான். சிரித்து முடித்த பின்னும் ஏதோ ஒன்று மனத்தில் தங்கிவிடுகிறது.

முதலில் அந்நூல்களை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். சாதாரணக் கதைநூலை முதற் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படிப்போம். இவற்றை அப்படிப் படித்தால் தலையும் விளங்காது, வாலும் விளங்காது. நூல் முழுவதும் எண்ணிட்ட சிறு சிறு பந்திகளாக அமைந்திருக்கும். பெரும்பாலும் 400 பந்திகள். ஒரு பந்தியைப் படித்து முடித்ததும், இடப்புறம் திரும்புவதானால் இன்ன எண்ணுக்குப் போ, வலப்புறமானால் இன்ன எண்ணுக்குப் போ என்று கட்டளை வரும். கதைநாயகனுக்குப் பெயரில்லை. ‘நீ’ என்பதே அவன் பெயர். படிப்பவர்தான் கதவைத் திறக்கிறார், வாளை உருவுகிறார், சாகிறார். திறமை, உடல்வலு, அதிர்ஷ்டம் ஆகிய மூன்றையும் தாயக்கட்டை உருட்டிக் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். கையில் பென்சிலும் அழிறப்பரும் இல்லாமல் இவற்றைப் படிக்க இயலாது.

பல ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் ஒரு பழைய புத்தகக் கடையில் இத்தகைய நூலொன்று எனக்குக் கிடைத்தது. முன்னைய சொந்தக்காரர், யாரோ ஒரு சிறுபிள்ளை, கணக்குத் தாளில் தன் உடல்வலுவைப் பென்சிலால் எழுதி, அழித்து, எழுதி, அழித்துக் கடைசியில் தாளே ஓட்டையாகிப் போயிருந்தது. அத்தனை தடவை அந்தப் பிள்ளை செத்துப் பிழைத்திருக்கிறது! நூலைவிட அந்த ஓட்டைதான் என்னை அதிகம் கவர்ந்தது என்றால் மிகையாகாது.

வழி பிரியும் கதைகளை அமெரிக்காவில் பரவலாக்கியவர்களுள் எட்வர்ட் பக்கார்ட் முக்கியமானவர். அவருடைய ‘த கேவ் ஒஃப் ரைம்’, அதாவது ‘காலக் குகை’, 1979 இல் வெளிவந்தது. அதில் தாயக்கட்டை இல்லை. தாயக்கட்டையைச் சேர்த்து அதை உலகப் புகழ் பெறச் செய்தவர்கள் இங்கிலாந்தின் ஸ்டீவ் ஜக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் ஆவர். ‘கேம்ஸ் வேர்க்ஷொப்’ என்ற விளையாட்டுப் பொருள் நிறுவனத்தை 1975 இல் தொடங்கியவர்களுள் இவர்கள் இருவர். 1982 இல் பஃபின் வெளியீடாக இவர்களின் முதல் நூல் வந்தது: ‘த வோர்லொக் ஒஃப் ஃபயர்டொப் மவுண்டன்’. ‘தீமுடி மலையின் மாயவன்’ என்று தமிழில் சொல்லலாம். அந்தக் கதையின் நடுவே நிலத்தின் கீழ் ஓர் ஆறு ஓடுகிறது. ஆற்றுக்கு இப்பால் லிவிங்ஸ்டன் எழுதியது, அப்பால் ஜக்சன் எழுதியது. ‘ஃபைற்றிங் ஃபன்ரசி’ என்னும் இத்தொடரில் 1995 வரை 59 நூல்களைப் பஃபின் வெளியிட்டது.

இந்தத் தொடரின் பெயர்களைச் சற்றே வரிசையாக நோக்குங்கள். தீமுடி மலை, குழப்பக் கோட்டை, ஊழ்க் காடு, கள்வர் நகரம், பல்லி அரசன் தீவு, மரணப்பொறி நிலவறை. எல்லாம் இடங்கள்! தமிழாசிரியன் கண்ணுக்கு இது உடனே படும். முதற்பொருளாகிய நிலத்தை மட்டும் தலைப்பில் வைத்துவிட்டு, கருவையும் உரியையும் உள்ளே ஒளித்துவிட்டார்கள். ஒரு நிலத்தின் பெயரும், அதன்மேல் விழுந்த ஒரு நிழலும். அங்கே என்ன நடக்கும் என்று தலைப்பு சொல்வதில்லை. சொல்லவும் இயலாது, ஏனென்றால் என்ன நடக்கும் என்பது நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. முதல் நூலுக்கு ஆசிரியர்கள் தொடக்கத்தில் இட்ட பெயர் ‘த மஜிக் குவெஸ்ற்’, ‘மாயத் தேடல்’. எவ்வளவு சப்பென்ற பெயர்! மலையும் மாயவனும் வந்த பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. ‘ஹவுஸ் ஒஃப் ஹெல்’, அதாவது ‘நரக வீடு’, 1984 இல் இங்கிலாந்தில் வந்தது. அமெரிக்கப் பதிப்பில் ‘ஹவுஸ் ஒஃப் ஹேடிஸ்’ ஆயிற்று. நரகம் கிரேக்கப் பாதாளமாக மாறியது. ஆகவே பெயர்மாற்றம் இந்நூல்களுக்குப் புதிதன்று.

இனி மற்றப் பக்கத்துக்கு வருவோம். இணையத்தில் ஒரு தலைப்பைக் கண்டதும் விரல் தானாகவே அதை அழுத்துமாறு அமைக்கும் தந்திரத்தைக் ‘கிளிக்பெயிட்’ என்கிறார்கள். சொடுக்க வைக்கும் தூண்டில். இதன் இலக்கணம் மிகச் சிறியது. ஆளின் பெயரைச் சொல்லாதே, ‘இவர்’ என்று சொல். நடந்ததைச் சொல்லாதே, ‘அடுத்து நடந்தது’ என்று சொல். படிப்பவன் என்ன உணரவேண்டும் என்பதை முன்னமே கட்டளையிடு: அதிர்வீர்கள், அழுவீர்கள், நம்பமாட்டீர்கள். இயலுமானால் ஓர் எண்ணையும் சேர்த்துக்கொள். 2012 இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘அப்வேர்த்தி’ என்ற தளம் ஒரே செய்திக்கு 25 தலைப்புகள் எழுதிப் பார்த்து, அவற்றிலிருந்து பொறுக்கி எடுக்கும் வழக்கத்துக்குப் பேர்போனது. இதற்கான உளவியல் விளக்கம் அதற்கும் முந்தியது. ஜோர்ஜ் லோவன்ஸ்டைன் என்ற அறிஞர் 1994 இல் எழுதிய கட்டுரையில், அறிந்ததற்கும் அறிய விரும்புவதற்கும் இடையே விழும் இடைவெளியே ஆவலைப் பிறப்பிக்கிறது என்று காட்டினார். தலைப்புக்காரர் அந்த இடைவெளியை வேண்டுமென்றே தோண்டுகிறார். 2014 இல் முகநூல் நிறுவனமே இத்தகைய தலைப்புகளைக் குறைக்கப்போவதாக அறிவிக்க நேர்ந்தது என்றால் தொல்லை எவ்வளவு முற்றியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இவ்விரண்டையும் முடிச்சுப் போட்டால் என்ன வரும்? நானே முயன்று பார்த்தவை சில.

தீமுடி மலைக்கு: ‘மலையில் தனியாக வாழ்ந்த முதியவர்! ஊர் பேர் தெரியாத ஒருவர் வாளுடன் உள்ளே புகுந்தார்... அடுத்து நடந்தது உங்களை உறைய வைக்கும்!’

சிரிப்பு எங்கே வருகிறது? இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சகோர் என்ற மாயவன் தன் மலைக்குள் தன்பாட்டில் இருக்கிறான். அவனிடம் புதையல் இருக்கிறதாம் என்று ஊரார் கதைத்ததைக் கேட்டு நாயகன் புறப்படுகிறான். நாட்டைக் காக்கவோ, இளவரசியை மீட்கவோ அன்று, பெட்டியிலிருக்கும் பொன்னுக்காக! சிறுவயதில் ‘நீ’ என்று விளிக்கப்பட்டதும் நாம் நாயகன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம், கேள்வி கேட்பதில்லை. தலைப்பு ‘ஒருவர்’ என்று படர்க்கைக்கு மாறியவுடன், ஐயோ, இது வீடு புகுந்த கொள்ளையல்லவா என்று உறைக்கிறது. முன்னிலையைப் படர்க்கையாக்கியது ஒன்றுதான் மாற்றம். நீண்ட விமரிசனக் கட்டுரை ஒன்று செய்யவேண்டிய வேலையை அந்த ஒற்றை வரி செய்துவிடுகிறது.

அதே நூலில் நான் மிகவும் விரும்பும் இடம் ஒன்றுண்டு. மேலே சொன்ன அந்த ஆற்றைக் கடக்கப் படகுக் கூலி 2 பொற்காசு என்று பலகையில் எழுதியிருக்கும். மணியடித்தால் கிழப் படகோட்டி வருவான். 3 காசு கேட்பான். ஏன் என்றால் விலைவாசி ஏறிவிட்டதாம்! பாதாளத்திலும் விலைவாசி. ‘படகுக் கட்டணம் திடீர் உயர்வு! பயணிகள் அதிர்ச்சி!’ என்று போட்டால் நம் ஊர்ச் செய்தித் தலைப்பாகவே ஆகிவிடும்.

‘கள்வர் நகரம்’ 1983 இல் லிவிங்ஸ்டன் எழுதியது. கொடியவனை வெல்லும் வழி கேட்டுப் போன நாயகனை, நெற்றியில் ஒற்றைக்கொம்புக் குதிரையைப் பச்சை குத்திக்கொள்ளச் சொல்கிறார் பாலத்தின் கீழ் வாழும் மந்திரவாதி. இன்னும் சில பொருட்களைத் தேடிக் கொண்டுவரவும் சொல்கிறார். எல்லாம் சேர்த்து நகரை விட்டுப் புறப்பட்ட பிறகு புறாவிடம் கடிதம் வருகிறது: சொன்னதில் பிழை நேர்ந்துவிட்டதாம்! ‘பெரியவர் சொன்னார் என்று நெற்றியில் பச்சை குத்தியவர்... புறா கொண்டுவந்த கடிதத்தில் இருந்தது என்ன?’ இதற்கு மேல் நான் ஒன்றும் எழுதத் தேவையில்லை.

‘மரணப்பொறி நிலவறை’யில் (1984) பரிசு 10,000 பொற்காசு. போட்டியை நடத்துபவர் சுக்கும்விற் என்ற பிரபு, ஊர் ஃபாங். லிவிங்ஸ்டன் தாய்லாந்துப் பயணத்தில் கண்ட பெயர்கள் இவை. பாங்கொக்கின் பெருந்தெரு ஒன்றின் பெயர் கொடும் பிரபுவின் பெயராகிவிட்டது. ‘ஊழ்க் காடு’ம் வேடிக்கையானதே. குள்ளர்களின் தொலைந்த சுத்தியலைத் தேடிக் காடு முழுவதும் அலைந்து, கிடைக்காவிட்டால், காட்டைச் சுற்றிக்கொண்டு வந்து மறுபடியும் முதலிலிருந்து நுழையலாம். ‘சுத்தியல் கிடைக்கவில்லை... இவர் செய்த காரியத்தைப் பாருங்கள்!’

தூண்டில் தலைப்பு முழுக்க முழுக்கப் பொருந்தும் நூல் ஒன்றே ஒன்றை நான் கண்டேன். அது ஜக்சன் 1986 இல் எழுதிய ‘கிறீச்சர் ஒஃப் ஹவொக்’. அதில் ‘நீ’ ஒரு வீரனல்லன். ஒரு விலங்கு, ஓர் அரக்கன். நீ யார் என்பது உனக்கே தெரியாது. பிறர் பேசுவது விளங்காது. நூலிலேயே அவர்கள் பேச்சு குழப்பி எழுதப்பட்டிருக்கும். எந்தப் பக்கம் போவது என்பதைக்கூடத் தொடக்கத்தில் உன் விருப்பமன்று, தாயக்கட்டையே தீர்மானிக்கும். மெல்ல மெல்ல அறிவு விழிக்கிறது. ‘இவர் யார் என்று இவருக்கே தெரியாது!’ என்று தலைப்பிட்டால் அதில் கேலியே இல்லை. அந்த நூலின் உள்ளுயிர் அதுதான். கேலி செய்யப் போன இடத்தில் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டேன்.

இந்த இரண்டு வகை எழுத்தும் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பந்தியின் அடியிலுள்ள எண் என்பது தாளில் அச்சிட்ட ஒரு சொடுக்குத்தான். அடுத்தது என்ன என்ற அரிப்பில் பக்கத்தைப் புரட்டுகிறோம். இரண்டும் நம்மை முன்னிலையில் விளித்தே இழுக்கின்றன. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். தமிழில் பெயர்த்தால் ஒரு வேறுபாடு வெளிப்படும். கதைநூல் ‘நீ போ’ என்று ஒருமையில் அதட்டும். செய்தித் தலைப்போ ‘நீங்கள் நம்பமாட்டீர்கள்’ என்று பன்மையில் பணியும். மரியாதை கொடுத்து ஏமாற்றுவது இரண்டாவது வகை!

கதைநூல் தன் கடனை அடைத்துவிடும். 257 ஆம் பந்திக்குப் போ என்றால் அங்கே ஒரு கதவோ, ஒரு பாம்போ, ஒரு சாவோ கட்டாயம் இருக்கும். செத்துவிடுவோம் என்ற பயத்தில் பிள்ளைகள் முன்னைய பக்கங்களில் விரல்களைச் செருகிக்கொண்டு படிப்பார்கள். சாவு வந்தால் மெல்லப் பின்வாங்குவார்கள். கள்ளத்தனந்தான், ஆனாலும் அழகான கள்ளத்தனம். ஆபத்து உண்மை என்று நம்பியதால்தானே விரலைச் செருகினார்கள்?

ஆவலைத் தூண்டும் தலைப்பையே நான் பழிப்பதாக எண்ணவேண்டாம். ராஜமையர் 1893 இல் ‘விவேக சிந்தாமணி’யில் எழுதத் தொடங்கிய நாவலின் பெயர் ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’. ‘அல்லது’வுக்கு முன்னால் தூண்டில், பின்னால் நேர்மையான பெயர்ச்சீட்டு. இரண்டையும் ஒரே அட்டையில் வைத்தார்கள். வாசகனுக்குக் கணக்குச் சரியாயிற்று.

சரியாகாத கணக்கு ஒன்றையும் கண்டிருக்கிறேன். என்னிடம் உயர்தரம் படித்த மாணவன் ஒருவன் பெறுபேற்றை எதிர்பார்த்திருந்த நாட்களில், ‘உயர்தரப் பெறுபேறுகள்: சற்றுமுன் வெளியான தகவல்!’ என்றொரு தலைப்பு அவன் கைத்தொலைபேசியில் வந்தது. வீட்டில் எல்லாரும் எழுந்து நின்றார்களாம். தாயார் விளக்கேற்றப் போனாராம். உள்ளே போனால், பெறுபேறுகள் விரைவில் வெளிவரும் என்ற பழைய செய்திதான். அன்றிரவு மட்டும் அவன் அதை நான்கு தடவை அழுத்திப் பார்த்திருக்கிறான். இதைச் சொன்னபோது அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அந்த மாணவனும் இருந்த ஒரு சிறு கூட்டத்தில் ஒருநாள் இந்தப் பெயர்மாற்ற விளையாட்டை வைத்தேன். தீமுடி மலையின் முடிவை விளக்கினேன். புதையற் பெட்டிக்கு மூன்று சாவிகள் வேண்டும். வழியில் கிடைக்கும் சாவிகளோ பல. ஒவ்வொன்றிலும் ஓர் எண் உண்டு. தெரிந்தெடுத்த மூன்றையும் கூட்டி, வரும் எண்ணின் பந்திக்குப் போகவேண்டும். பிழையான சாவிகள் என்றால் அத்தனை பாடும் வீண். எல்லாரும் ‘அதிர்ச்சி’, ‘பகீர்’ என்று எழுதித் தள்ள, அவன் மட்டும் இப்படி எழுதிக் கொடுத்தான்: ‘சாவி பிழைத்தது, பெட்டி திறக்கவில்லை, மீண்டும் முதலாம் பந்திக்குப் போனார்.’

“எல்லாத்தையும் சொல்லிப்போட்டியே, இனி ஆர் உள்ளுக்குப் போய்ப் படிக்கப்போயினம்?” என்று கேட்டேன்.

“எந்த இலக்கச் சாவியெண்டு சொல்லேல்லைத்தானே, சேர்” என்றான்.