சுற்றமும் கூடாரமும்

கூடாரம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் இக்காலத்து இளைஞர் மனத்தில் தோன்றுவது ஒன்று. முதியோர் மனத்தில் தோன்றுவது மற்றொன்று. வார இறுதியிற் கடற்கரையிலோ மலைச்சாரலிலோ துணிக்கூடாரம் விரித்து இரண்டு இரவு தங்கி வருதலை இளைஞர் அறிவர். அதனைப் பிறநாட்டார் பழக்கமென்று முகஞ்சுளிக்கும் பெரியோரும் உளர். ஆயின், யாழ்ப்பாணத்தார் நாவில் இச்சொல் நெடுங்காலமாக வண்டிலோடு ஒட்டி வழங்கியது. வளைத்துக் கட்டிய கூரையின் கீழ் வைக்கோல் பரப்பி, அதன்மேற் பாய் விரித்து, பாட்டி முதற் பாலகன் ஈறாக ஒரு குடும்பம் ஏறிச் சென்ற மாட்டு வண்டிலைக் கூடார வண்டில் என்றே அழைத்தனர். பகலில் ஊர்தியாய் இருந்த அது, இரவில் வீடாயிற்று. சுற்றத்தாரோடு புறப்பட்டு, வெளியிடத்திற் சில நாட்கள் தங்கி மீளுதல் நம்மவர்க்குப் பழைய வழக்கமே என்பதற்கு அவ்வொரு பெயர் போதிய சான்றாகும்.

உமணர் ஒழுகை

இவ்வழக்கத்தின் வேர் சங்க நூல்களிலே காணப்படுகின்றது. உப்பு வணிகராகிய உமணர் தனித்துச் சென்றவரல்லர். வரிசையாய்ச் செல்லும் அவர்தம் வண்டிகளை ஒழுகை என்றனர் முன்னோர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அவ்வண்டியின் தோற்றத்தைக் காணலாம். கோழி அடையும் கூடு அதில் உண்டு. சிறிய உரலொன்று தொங்குகின்றது. காடிக் கலம் கட்டப்பட்டிருக்கின்றது. குழந்தையை உடையாளொருத்தி எருதுகளை ஓட்டுகின்றாள். ஆடவர் பக்கத்தே காவலாய் நடக்கின்றனர். நல்லூர் நத்தத்தனார் இயற்றிய சிறுபாணாற்றுப்படையிலோ, அவ்வுமணர் வளர்த்த மந்தி அவர்தம் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடுகின்றது. வீடே எழுந்து வழிநடந்தது எனலாம்.

அவ்வண்டியில் நாம் கருதத்தக்க உறுப்பொன்று உண்டு. மேடும் பள்ளமும் நிறைந்த வழியில் அச்சு முறியக்கூடும் என்று அஞ்சி, உமணர் வண்டியின் கீழே வேறோர் அச்சினையும் கட்டிவைப்பர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். ஔவையார் புறநானூற்றிலே அதியமான் மகனுக்கு அதனை உவமையாக்கினார். சுற்றம் என்பதன் பயனை விளக்க இதனினும் பொருத்தமான பொருள் வேண்டுமோ? நேரிய வழியில் அது கண்ணுக்குப் புலப்படாது. முறிந்த இடத்தே அதன்றி வண்டி நகராது.

பொங்கலும் திருவிழாவும்

பிற்காலத்தே இவ்வழக்கம் கோயில்களைச் சார்ந்து நின்றது. முல்லைத்தீவு மாவட்டத்து வற்றாப்பளைக் கண்ணகியம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் திங்கட்கிழமையில் நிகழ்வது. பாக்குத் தெண்டல் என்னும் சடங்கினை முன்னாகக் கொண்டு, கடல்நீர் எடுத்து அந்நீரால் விளக்கெரித்து நிகழும் அவ்விழாவுக்கு, வன்னியின் ஊர்களிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வண்டில்கள் சென்றன. மன்னார் மாவட்டத்து மடு மாதாவின் ஆகஸ்ட் 15 ஆம் நாள் திருவிழாவுக்குத் தமிழரும் சிங்களவருமாகிய கத்தோலிக்கக் குடும்பங்கள் சென்று, காட்டு மரங்களின் கீழே கூடாரமிட்டுத் தங்குவதை இன்றும் காணலாம். தலைமன்னார்ப் பாதையில் 1914 இற் புகையிரதம் ஓடத் தொடங்கிய பின்னர், மடு வீதி நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு இறங்கியோர் பலர்.

இத்தகைய தங்கலில் ஒவ்வொருவர்க்கும் ஒரு பணி இருந்தது. இடம் பார்த்தல் மூத்தவர் பொறுப்பு. நீர் எங்கே உளது, காற்று எப்பக்கத்தது, எருதுகளைக் கட்ட நிழல் உண்டோ என்பவற்றை அவர் நோக்குவார். சின்னையாமாரும் மாமன்மாரும் கம்பு நட்டுப் படங்கு கட்டுவர். பெரியம்மா மூன்று கல் வைத்து அடுப்புக் கூட்டுவார். இளைஞர் விறகு பொறுக்கச் செல்வர். முதல் நாளுக்குக் கட்டுச்சோறு; மறுநாள் முதற் கிடாரம் அடுப்பிலேறும். பிள்ளைகள் பசித்தபோது, ஓலைப்பெட்டியிலிருந்து பொரிவிளாங்காயோ பினாட்டோ பனங்கட்டித் துண்டோ வெளிப்படும். பொழுதுபட்டபின் அரிக்கன் லாம்பைச் சுற்றி முதியோர் அமர்ந்து, யார் யாருக்கு எவ்வழியில் உறவு என்பதை மூன்று தலைமுறைக்கு விரித்துரைப்பர்.

அங்கே சண்டையும் உண்டு என்பதை மறைக்க வேண்டுவதில்லை. வேலி வழக்கினால் ஆண்டுக்கணக்காய்ப் பேசாதிருந்த உடன்பிறந்தார் இருவர், அங்கு ஒரே கிணற்றில் ஒரே கயிற்றைப் பற்றி நீரள்ள வேண்டியவராயினர். முதல் நாள் முகந்திருப்பினும், இரண்டாம் நாள் ‘வாளியை இப்படித் தா’ என்றாவது ஒரு சொல் பிறந்தே தீரும். அவ்வொரு சொல் செய்த வேலையை வழக்காடு மன்றங்கள் செய்ததில்லை. குறைகளும் இருந்தன. அடுப்பின் சுமை முழுதும் பெண்டிர் தலைமேல் விழுந்தது. சுற்றத்தின் எல்லை பெரும்பாலும் சாதியின் எல்லையாயும் இருந்தது. பழமையைப் போற்றுவோர் இவ்விரண்டையும் சேர்த்துப் போற்றுதல் தகாது.

பெயரும் பொறுப்பும்

இத்தங்கலிலே பிள்ளைகள் கற்றது யாது? உறவுப் பெயர்களுக்குப் பொருள் கற்றனர். நம் ஊர் வழக்கிலே பெறாமகன், பெறாமகள் என்னும் சொற்கள் உள. ஆடவனொருவனுக்குத் தமையன் தம்பியர் பிள்ளைகளும், பெண்ணொருத்திக்குத் தமக்கை தங்கையர் பிள்ளைகளும் பெறாமக்கள் ஆவர். தாம் பெறாவிடினும் மக்களே என்பது அச்சொல்லின் கருத்து. இரவில் அழுத குழந்தையைப் பக்கத்தே படுத்திருந்த சின்னம்மா எடுத்து அணைத்தபோதும், காட்டுக்குள் ஓடிய சிறுவனைப் பெரியப்பா அதட்டி இழுத்து வந்தபோதும், அச்சொல்லுக்கு உயிர் உண்டாயிற்று. அகராதியால் அவ்வுயிரைத் தர இயலாது.

இன்று வகுப்பறையிலே உறவுமுறைப் பெயர்களை வினாவினால், பல மாணவர் மாமா, சித்தப்பா என்னும் வேறுபாட்டிலேயே தடுமாறுகின்றனர். அங்கிள், அன்ரி என்னும் இரண்டு சொற்கள் பத்துப் பன்னிரண்டு சொற்களை விழுங்கிவிட்டன. மச்சானும் மச்சாளும் ஒன்றுவிட்ட அண்ணனும் தங்கையும் கசின் என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டனர். பெயரின் பின்னே நின்ற செயல் மறைந்தமையாற் பெயரும் மறைகின்றது. திருவள்ளுவர் தம் நூலின் 53 ஆம் அதிகாரத்துக்குச் சுற்றம் என்று பெயரிடாது சுற்றந்தழால் என்று பெயரிட்டமை ஈண்டுக் கருதத்தக்கது. தழுவுதல் ஒரு தொழில். அத்தொழில் நிகழாத இடத்திற் சுற்றம் வெறும் பெயர்ப்பட்டியலாகும்.

கசந்த சொல்

எனினும், நம்மவருட் பலர்க்குக் கூடாரம் என்பது கசந்த சொல் என்பதை மறத்தலாகாது. 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் வீடிழந்து தென்மராட்சி நோக்கி நடந்தனர். மடுவின் மரநிழலும் அகதிகளின் உறைவிடமாயிற்று. 1999 நவம்பரில் அங்கே அடைக்கலம் புகுந்தோர் மீதே எறிகணை வீழ்ந்து பலர் மாண்டனர். 2009 இல், வற்றாப்பளையை அடுத்த நந்திக்கடற் பரப்பிலே போர் முடிந்தபோது, எஞ்சிய இலட்சக்கணக்கானோர் செட்டிகுளத்து மெனிக் பாம் முதலிய முகாம்களிற் கூடாரத்துணியின் கீழ் அடைக்கப்பட்டனர். மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேதான் மூடப்பட்டது. அங்கிருந்த தாயொருத்தியிடம் சென்று, ‘வாருங்கள், கூடாரமடித்து மகிழ்வோம்’ என்று எவ்வாறு கூறுவது?

கூறலாகாது; பொறுத்திருக்க வேண்டும். ஆயினும், அத்துன்பத்திலிருந்து அறியத்தக்க உண்மையொன்று உண்டு. பதுங்கு குழியிலும் பாடசாலை விறாந்தையிலும், இருந்த ஒருபிடி அரிசியை ஒரே பானையிலிட்டுப் பகிர்ந்தோர் யாவர்? தாயிழந்த பிள்ளையைத் தம் பிள்ளைகளோடு சேர்த்துக்கொண்டோர் யாவர்? அயலவர் பலர் அவ்வாறு செய்தனர். பெரும்பாலும் முன்வந்தோர் சின்னம்மாவும் மாமியும் பெரியப்பாவுமே. அச்சு முறிந்த வழியிலே சேம அச்சு உதவிற்று. அமைதி நாளிற் கட்டிவைக்கப்படாத அச்சு, இடர் நாளில் வண்டியின் கீழே இராது.

இனிச் செய்யத்தக்கது

இன்று நம் சுற்றம் கடல் கடந்து விரிந்துள்ளது. கனடாவிலும் இலண்டனிலும் சுவிற்சர்லாந்திலும் வாழ்வோர், ஆடி ஆவணி மாதங்களிற் பிள்ளைகளோடு ஊருக்கு வருகின்றனர். வந்தவர் உறவினரைக் காண்பது எங்கே? திருமண மண்டபத்து நாற்காலி வரிசையிலே. ஒரு படம் எடுத்துக்கொள்வர், உணவு உண்பர், பிரிவர். பேரன் ஒருவன் தன் அம்மம்மாவின் தங்கையை அரை மணி நேரம் கண்டு, அவர் பெயரையும் அறியாது விமானமேறுகின்றான். முறை எது என்று அவனை வினாவுவதிற் பயனில்லை.

இவர்களைக் கூட்டி, மூன்று பகலும் இரண்டு இரவும் ஓரிடத்தே தங்குதல் அரிய செயலன்று. வற்றாப்பளையோ மடுவோ செல்லலாம். இயலாதார் குடும்பத்துத் தோட்டக் காணியிலே, மாமரத்தின் கீழே படங்கு கட்டலாம். காட்டோரத்தை நாடுவோர் யானை நடமாட்டத்தை விசாரித்து, உரிய திணைக்களத்தின் அனுமதியும் பெற்றுச் செல்லல் வேண்டும். ஆனால், சமையலைக் கூலிக்காரரிடம் ஒப்படைத்தல் ஆகாது. ஒப்படைத்தால் மண்டபமே மீண்டும் வந்துவிடும். அடுப்பும் கிணறும் விறகும் ஆடவர் பெண்டிர் யாவர்க்கும் பொதுவாகட்டும். ஒவ்வொரு பிள்ளையையும் தன் பெற்றோரல்லாத ஒரு பெரியவரிடம் ஒப்புவித்து, அவரோடு ஒரு பணியைச் செய்யச் சொல்க. ரொறன்ரோவிலிருந்து வந்த சிறுமி தன் சின்னையாவோடு கம்பு நட்டால், சின்னையா என்பதன் பொருள் அவள் கையிலே ஏறும். இரவிற் கைத்தொலைபேசிகளை ஒரு கடகத்திலிட்டு மூடி, மூத்தவர் வாயால் வம்ச வரலாற்றைக் கேட்க. இளையோர் ஒருவர் அதனை எழுதிக்கொள்க. புறப்படும்போது சாம்பலை நீரூற்றி அணைத்து, குப்பையை மூட்டையாகக் கட்டிக் கொண்டு வருக.

மூன்று தலைமுறை உறவை அறிந்து சொல்லவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே இக்கூட்டம் கூடுதல் வேண்டும். அடுத்த விடுமுறைக்கு உறவினர் வரும் நாளைக் கேட்டறிந்து, இன்றே ஓரிடமும் ஒரு கிடாரமும் பார்த்து வைத்தல் ஆசிரியரும் பெற்றோரும் செய்யத்தக்க கடனாகும்.