உங்களுக்குத் தெரியுமா? லேசர் உருக்கும்... வாயு ஊதித் தள்ளும்!

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை லேசர் ஒளி வெட்டுகிறது என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? ஒளி உருக்குவதோடு சரி. உருகிய குழம்பை அடிவழியாகப் பீய்ச்சித் தள்ளிப் பிளவைத் திறப்பது நைட்ரஜன் வாயு! அது இல்லாவிட்டால் உருகியது அங்கேயே மறுபடி இறுகி ஒட்டிக்கொள்ளும்!

கனத்த தகடென்றால் அந்த வாயுவின் அழுத்தம் 15 முதல் 20 பார் வரை போகும். உங்கள் கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான்! இத்தனை அழுத்தமும் பாய்வது ‘நாசில்’ எனும் ஊதுமுனையின் சில மில்லிமீட்டர் துளை வழியாக!

அதே மெஷினில் அதே கனத்துக்குச் சாதா இரும்புத் தகட்டை வையுங்கள். வாயு, ஆக்சிஜன். அழுத்தம்? பெரும்பாலும் 1 பார்கூடக் கிடையாது! இரும்பு ஆக்சிஜனில் எரிந்து, வெட்டத் தேவையான வெப்பத்தில் ஏறக்குறையப் பாதியைத் தானே கொடுத்துவிடுகிறது!

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் ஆக்சிஜனையே கொடுத்தால் என்ன? அதிலுள்ள குரோமியம் சும்மா இருக்காது, ஆக்சைடாகிவிடும். ஸ்டீல் உருகுவது 1,400 டிகிரி செல்சியஸ் சொச்சத்தில். குரோமியம் ஆக்சைடு உருக 2,300 டிகிரிக்கு மேல் வேண்டும்! விளிம்பெல்லாம் கறுத்த பொருக்குதான்!

நைட்ரஜனில் வெட்டிய விளிம்பைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பளிச்சென்ற வெள்ளி நிறம். மேலிருந்து கீழாக மயிரிழை வரிகள். வாயுவில் துளி ஆக்சிஜன் கலந்திருந்தாலும் அந்த வெள்ளி இளமஞ்சளாகிக் காட்டிக்கொடுத்துவிடும்! அதனால்தான் கேட்கிறார்கள், 99.99 சதவீதத்துக்கும் மேலான சுத்தம்!

இதைக் கேட்டால் அசந்துபோவீர்கள். நாசில் 3 மி.மீ., அழுத்தம் 20 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்குச் செலவாகும் நைட்ரஜன் ஏறத்தாழ 100 கன மீட்டர். அதாவது, 1 லட்சம் லிட்டர்! ஆளுயர சிலிண்டர் ஒன்றில் அடைத்திருப்பதே 7 கன மீட்டர்தான். கணக்குப் போடுங்கள். முழு சிலிண்டரும் 4 நிமிடத்தில் காலி! அதிலும் கடைசியில் மிஞ்சும் வாயு அழுத்தம் இறங்கிப்போய் வெட்டவே உதவாது!

பெரிய பட்டறைகளின் வாசலில் வெள்ளை டேங்க் நிற்பது சும்மாவா? உள்ளே மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜன். அதில் 1 லிட்டர், அறை வெப்பத்துக்கு வந்தால் சுமார் 690 லிட்டர் வாயு!

நாசில் துளையின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் வாயுச் செலவு 4 மடங்கு!

வெளிக்காற்றைப் போல 1.9 மடங்கு அழுத்தம் கிடைத்தாலே போதும், நாசில் வாயில் வாயு ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். அதற்குமேல் எவ்வளவு திருகினாலும் அந்த வாயில் வேகம் ஏறாது, அடர்த்திதான் ஏறும்! வெளியே வந்து விரிந்ததும் ஒலியையே முந்திப் பாயும்!

அழுத்தம் கூடக் கூட வெட்டு நன்றாக வரும் என்பது தப்புக் கணக்கு! என்னைக் கேட்டால் இந்த விஷயத்திலேயே பெரிய ஆச்சரியம் இதுதான். அளவு மீறினால் பாய்ச்சலுக்குள்ளேயே அதிர்ச்சி அலைகள் கிளம்பி, பிளவுக்குள் இறங்க வேண்டிய வாயுவைச் சிதறடித்துவிடும். அடிப்பக்கம் பிசிறு தொங்கும்! நாசிலைப் பெரிதாக்கி, அழுத்தத்தைக் குறைத்து வெட்டும்போது கனத்த தகடு வழிக்கு வருவதும் உண்டு!

லேசரைக் குவிக்கும் லென்ஸை இந்த அழுத்தத்திலிருந்து காப்பது 3 சென்டிமீட்டர் அகலக் கண்ணாடி வில்லை ஒன்றுதான். 20 பாரில் அதன்மேல் விழும் பளு 100 கிலோவுக்கும் மேல்!

டைட்டானியத்தை நைட்ரஜனில் வெட்டினால் விளிம்பு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். அதற்கு ஆர்கான்தான்!

வெட்டு லேசர்களின் முன்னோடியான கார்பன் டை ஆக்சைடு லேசரை 1964-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய குமார் படேல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர்!

லேசரோடு வாயுவையும் சேர்த்து ஊதி முதன்முதலில் எஃகுத் தகட்டை வெட்டியது 1967 மே மாதம், இங்கிலாந்தில். செய்தவர் பீட்டர் ஹோல்ட்கிராஃப்ட். தகட்டின் கனம் 1 மி.மீ., லேசரின் சக்தி 300 வாட். இன்று பட்டறைகளில் ஓடும் பெரிய மெஷின்களில் 30,000 வாட்!