முன் சில்லின் நடுக்கம்



எமது பாடசாலையில் கற்பிக்கும் இளம் ஆசிரியர் ஒருவர், ஒரு திங்கட்கிழமை காலை முகம் வெளிறி என் முன் வந்து அமர்ந்தார். முதல் நாள் வவுனியாவிலிருந்து ஏ9 வீதி வழியாக வடக்கே வருகையில், மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் அவருடைய மோட்டார் சைக்கிளின் கைபிடி இடமும் வலமும் படபடவென்று அடித்துக்கொண்டதாம். "கழுத்து நட்டை நன்றாக இறுக்குவித்துவிட்டேன் சேர், இனிப் பயமில்லை" என்றார். மூன்றாம் நாளே அந்த நடுக்கம் திரும்பி வந்தது. இயந்திரக் கலை எனது துறையன்று. ஆயினும் அன்று நான் தேடிக் கற்றவற்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சிறு சில்லைக் கவனித்திருப்பீர்கள். மெதுவாகத் தள்ளினால் அடங்கி உருளும். விரைந்து தள்ளினால் துடிதுடிக்கும். மோட்டார் சைக்கிளின் முன் சில்லும் அதே இனத்தது. அது சற்று விலகினால் நிலத்தின் பிடிப்பு அதனை நேராக்குகிறது. ஆனால் ஊஞ்சலைப்போல அது நடுவில் நில்லாது மறுபுறம் சென்று மீள்கிறது. இந்த ஆட்டம் செக்கனுக்கு ஏறக்குறைய 4 முதல் 10 தடவை நிகழும். சில்லில் ஒரு பக்கம் பாரம் கூடியிருந்தால், ஒவ்வொரு சுற்றும் ஊஞ்சலுக்கு ஒரு தள்ளுக் கொடுக்கும். 70 கிலோமீற்றர் வேகத்தில் சில்லு செக்கனுக்குப் பத்துத் தடவை அளவிற் சுழல்கிறது. சுழற்சியும் ஆட்டமும் இவ்வாறு ஒத்துப்போகும் வேகத்திலேதான் கைபிடி துள்ளுகிறது.

ஆதலின் நட்டை இறுக்குவது முதல் வேலையன்று. காரணத்தைத் தேடுவதே முதல் வேலை. செலவற்றதிலிருந்து தொடங்குங்கள். ரயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளந்து, தேய்வு ஒரு சீராக உள்ளதா எனப் பாருங்கள். பின்னர் முன் சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, அசையாத ஒரு குச்சியை விளிம்பருகே பிடித்துச் சுழற்றுங்கள். கோணல் இருந்தால் கண்ணுக்குத் தெரியும். சில்லை மேலும் கீழும் பற்றி அசையுங்கள்; ஆட்டம் கண்டால் அச்சிலுள்ள பெயரிங் தேய்ந்திருக்கலாம். அடுத்து முன் கவையின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளுங்கள்; கழுத்தில் "டக்" என்ற தட்டு உணரப்பட்டால் அங்கே தளர்ச்சி உண்டு. கைபிடியை மெல்லத் திருப்புகையில் நேர்நிலையில் ஒரு குழியில் விழுந்ததுபோல நின்றால், குண்டுகள் ஓடும் தடம் பள்ளம் விழுந்துவிட்டது. அதனை இறுக்கிப் பயனில்லை, மாற்றவே வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கினால் கைபிடி தானே நேர்நிலைக்கு மீளாது. வண்டி அலைந்து அலைந்து ஓடும்.

பின்புறத்தில் ஏற்றும் பாரமும் முன் சில்லை இலேசாக்கி நடுக்கத்தைத் தூண்டும். ஒரு திருத்தம் செய்தபின் ஓடிப் பார்த்து, அதன் பின்னரே அடுத்ததைத் தொடுங்கள். இல்லையேல் எது நோய், எது மருந்து என்பது விளங்காது. ஆட்டத்தைத் தணிக்கும் கருவியைப் பூட்டுவோரும் உளர். பழுது நீங்காத வண்டியில் அது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

ஓடும்போது நடுக்கம் எழுந்தால் பிறேக்கை வன்மையாகப் பிடியாதீர்கள். முழங்கால்களால் தாங்கியை அணைத்து, உடலைச் சற்று முன் சாய்த்து, கைபிடியை விறைப்பின்றிப் பற்றி, வேகத்தை மெல்லக் குறையுங்கள். கையை விட்டுச் சோதிக்க ஒருபோதும் முயலாதீர்கள்.

அந்த ஆசிரியரின் வண்டியில் கழுத்துத் தடம் பள்ளமாயிருந்தது. முன் ரயரும் ஒரு புறம் தேய்ந்திருந்தது. இரண்டையும் மாற்றியபின் நடுக்கம் வரவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை அமைதியின்றி இருந்தால் அதட்டி அடக்குவதால் மட்டும் பயனில்லை என்று நான் ஆசிரியர்களுக்குச் சொல்வதுண்டு. வண்டிக்கும் அதுவே பொருந்தும்.