வயிற்றில் பெல்ட் எப்போது வேண்டும்?

உப்பல் மெட்ரோ பக்கம் குடியிருக்கிறேன். திருநெல்வேலியில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்தவள் என்று தெரிந்ததிலிருந்து, தெருவில் யார் மாசமாக இருந்தாலும் ஸ்கேன் ஃபைலோடு வந்துவிடுகிறார்கள். "அக்கா, வலி வந்ததும் பெல்ட் கட்டுவாங்களாமே, அதைக் கழற்றவே கூடாதா?"

அந்தப் பெல்ட் இணைந்திருக்கும் மெஷின் சி.டி.ஜி. குழந்தையின் இதயத்துடிப்பையும் கர்ப்பப்பை இறுகுவதையும் காகிதத்தில் கோடாகப் போடும். நிமிடத்துக்கு 110 முதல் 160 துடிப்பு இயல்பு. 37,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளைக் காக்ரேன் குழு தொகுத்துப் பார்த்தது. துடிப்பை அவ்வப்போது மட்டும் கேட்பதைவிட, விடாமல் பெல்ட் கட்டியதில், பிறந்த குழந்தைக்கு வரும் வலிப்பு பாதியானது. மூளைவாதமோ இறப்போ குறையவில்லை. சிசேரியன்தான் கூடியது. கோடு கொஞ்சம் இறங்கினாலே அறை முழுக்கப் பதற்றம், நான் பார்க்காததா!

நாங்கள் இருக்கும் தெலங்கானாவிலோ 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 60.7 சதவீதப் பிரசவம் சிசேரியன்.

ஆரோக்கியமான தாய், தானாக வந்த வலி என்றால் துடிப்பை இடைவிட்டுக் கேட்டாலே போதும் என்றது உலக சுகாதார நிறுவனம், 2018இல். முதல் கட்டத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும்போது 5 நிமிடத்துக்கு ஒருமுறை. ரத்தக்கொதிப்பு, குறைமாதம் போன்ற சிக்கல் இருந்தால் பெல்ட் அவசியம், மறுக்காதீர்கள். உங்களுக்கு எது என்பதை ஒன்பதாம் மாதச் செக்கப்பிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.