வால்வு மைக்கும் அதன் செவித் திசைகளும்

பம்பாயிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழ் அன்பர்களுள், வீட்டுப் பெரியோரின் பாட்டையும் பேச்சையும், சபைக் கச்சேரிகளையும் தாமே பதிவு செய்து வைக்கும் ஆர்வமுடையோர் உண்டு. மின்னணு வேலையில் கைப்பழக்கம் பெற்ற சிலர் அதற்குரிய மைக்கையும் தாமே செய்ய விழைவர். வால்வு அமைந்த கண்டென்சர் மைக்கைக் கட்டி முடிப்பதைக் காட்டிலும், அது எத்திசை ஒலியை ஏற்கிறது, எத்திசை ஒலியைத் தள்ளுகிறது என்பதைச் சீர்செய்வதே கடினம். திசை பிசகினால் உடனே கேப்ஸ்யூலைப் பிரிப்பது பலரது வழக்கம். விலை மிகுந்த அவ்வுறுப்பு அத்தோடு பாழாகும். பிழையோ பெரும்பாலும் மின்னழுத்தத்தில் இருக்கும். அல்லது சோதனை செய்த அறையில் இருக்கும்.

இவ்வகை மைக்கை 1916ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஈ. சி. வென்ட் என்பார் உருவாக்கினார். 1949இல் பெர்லின் நாய்மன் நிறுவனம் வெளியிட்ட யூ 47, இரண்டு திசைக் கோலங்களை ஒரு சுவிட்சால் மாற்றும் வசதியைத் தந்தது. 1953இல் வியன்னாவின் ஏ.கே.ஜி. நிறுவனம் வெளியிட்ட சி 12, மைக்கைத் தொடாமலே தொலைவிலிருந்து ஒன்பது கோலங்களைத் தேர்ந்துகொள்ள இடமளித்தது. வீட்டில் செய்வோர் பின்பற்றத்தக்க முறை இதுவே.

இதன் தத்துவம் எளிது. பொன் பூசிய, சில மைக்ரான் தடிப்பே உள்ள சவ்வு ஒன்று உலோகத் தகட்டின் முன் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். இரண்டும் சேர்ந்து ஒரு சிறு கண்டென்சர் ஆகின்றன. தகட்டுக்கு ஏறத்தாழ 60 வோல்ட் கொடுத்தால், ஒலியால் சவ்வு அசையுந்தோறும் மின்னழுத்தமும் அசையும். அந்த மெல்லிய அசைவு நேராகக் கம்பியில் சென்றால் தேய்ந்துவிடும். ஆகவே வால்வு அதை வாங்கி, டிரான்ஸ்பார்மர் வழியாகக் கம்பிக்குத் தகுந்த வலிவுடன் அனுப்புகிறது.

ஈ.எஃப். 86 என்னும் வால்வை டிரையோடாக இணைத்துப் பயன்படுத்தலாம். அதன் இழைக்கு 6.3 வோல்ட் நேர்மின்சாரம் கொடுத்தால் ரீங்காரம் குறையும். கிரிட்டைச் சேர்ந்த இணைப்புகளை டெஃப்லான் தூண்களின் மேல் அமைத்து, ஸ்பிரிட்டால் துடைத்து, விரல் படாமல் காக்க வேண்டும். பம்பாயின் மழைக்காலத்தில் படபடவென்று இரைச்சல் எழுந்தால், ஈரத்தின் வழியே மின்சாரம் கசிகிறது என்று பொருள். மைக்கைச் சிலிக்கா ஜெல்லுடன் மூடிய பெட்டியில் வைப்பது நலம்.

ஓர் எச்சரிக்கை. இணைப்பை எடுத்த பின்னும் மின்வழங்கியின் கண்டென்சர்களில் உயிருக்கு ஊறு செய்யும் மின்னழுத்தம் தங்கியிருக்கும். தக்க மின்தடை கொண்டு அதை வடித்து, மீட்டரால் பார்த்த பின்னரே கை வைத்தல் வேண்டும். இப்பழக்கம் இல்லாதோர் வல்லுநர் ஒருவரை உடன் வைத்துக்கொள்க.

இனித் திசைக் கோலத்திற்கு வருவோம். கேப்ஸ்யூலில் முன்னும் பின்னுமாக இரண்டு சவ்வுகள் உண்டு. நடுத்தகடு 60 வோல்ட்டிலும், முன்சவ்வு கிரிட்டுடன் இணைந்து சுழியிலும் நிற்கின்றன. பின்சவ்வின் மின்னழுத்தமே கோலத்தை அமைக்கிறது. அது சுழியானால் இரு சவ்வுகளும் கூடி எல்லாத் திசைகளையும் கேட்கும். 60 வோல்ட்டானால் பின்சவ்வு ஓய்ந்து, முன்புறம் மட்டும் கேட்கும் இதய வடிவம் கிட்டும். 120 வோல்ட்டானால் பின்சவ்வு எதிர்த்து நிற்க, முன்னும் பின்னும் கேட்டுப் பக்கங்களில் செவிடாகும் எட்டு வடிவம் பிறக்கும்.

இதை அறிந்தால் பிழையின் இடம் தானே விளங்கும். மூன்று நிலையிலும் இதய வடிவமே இருந்தால், பின்சவ்வைக் கிரிட்டுடன் இணைக்கும் கண்டென்சர் அறுந்திருக்கலாம். மூன்றிலும் எல்லாத் திசையும் கேட்டால், கோல மின்னழுத்தம் வந்து சேரவில்லை. எட்டு வடிவத்தில் மட்டும் ஒலி சிதைந்தால் அதே இணைப்புக் கண்டென்சர் கசிகிறது. பின்புறம் நன்கு கேட்டு முன்புறம் மங்கினால் சவ்வுக் கம்பிகள் இடம் மாறியிருக்கும். அல்லது நடுத்தகட்டின் 60 வோல்ட் அற்றுப்போயிருக்கும்.

மின்னழுத்தத்தை அளப்பதிலும் ஏமாற்றம் உண்டு. பின்சவ்வுக்குச் செல்லும் மின்தடை நூறு கோடி ஓம் அளவினது. சாதாரண மீட்டரின் தடை ஒரு கோடி ஓம் அளவே. சவ்வின் முனையில் வைத்தால் மீட்டர் உள்ளதில் நூற்றிலொரு பங்கையே காட்டும். ஆதலால் மின்தடைக்கு முன்புறமே அளத்தல் வேண்டும். சுவிட்சைத் திருப்பிய பின் சவ்வு புதிய நிலையை அடையச் சில விநாடிகள் பொறுத்தலும் வேண்டும்.

சோதனையைச் சிறு அறையில் செய்யலாகாது. சுவர்கள் திருப்பியனுப்பும் ஒலி, செவிடாக இருக்க வேண்டிய திசையிலும் நுழைந்து குழப்பும். மொட்டை மாடியில், காற்றில்லாத வேளையில், ஒருவர் கைநீட்டும் தூரத்தில் நின்று ஒரே குரலில் எண்ணிக்கொண்டிருக்க, மற்றொருவர் மைக்கை மெல்லச் சுழற்றிப் பதிவு செய்க. எட்டு வடிவத்தில் சரியாகப் பக்கவாட்டில் குரல் தேய வேண்டும். தேயும் இடம் சற்றே விலகினால் இரு சவ்வுகளும் சமமாக இல்லை. கேப்ஸ்யூலை ஐயுறத்தக்க இடம் இது ஒன்றே.

இத்தனை பாடும் எதற்கு? சாலை இரைச்சல் மிகுந்த நகர வீட்டில், பாட்டியை மைக்கின் ஒருபுறமும் கேள்வி கேட்கும் பேத்தியை மறுபுறமும் அமர்த்தி, எட்டு வடிவத்தின் செவிட்டுப் பக்கத்தை ஜன்னலுக்குத் திருப்பினால், நேரே வரும் வண்டிச் சத்தம் பெரிதும் அடங்கும். ஊர்ப் பேச்சு தெளிவாகப் பதியும். அக்குரல் மீண்டும் கிடைப்பதன்று. ஆகவே பதிவு செய்யும் நாளுக்கு முன்பே மைக்கின் திசையைச் சோதித்து வைத்தல் வேண்டும்.